இலைத்தண்ணி மணந்த வீடு

என் மூக்கு பொல்லாத மூக்கு. கல்யாணம் முடித்து, உடையார்கட்டுப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்த முதல் கிழமையே என் மாமி, அதாவது கணவரின் தாய், அதைக் கண்டுபிடித்துவிட்டார். வளவில் நின்ற ஒவ்வொரு செடிக்கும் நான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கறிவேப்பிலை நல்லது. தேசியிலை என்கிற எலுமிச்சை இலை அதைவிட நல்லது. ஒன்றைக் கசக்கி முந்தானையில் முடிந்து வைத்தால் எனக்கு அன்றைக்கு வேலை பாரமாக இருக்காது. கற்பூரவள்ளி பரவாயில்லை. திருநீற்றுப்பச்சை பக்கத்தில் போனாலே தலையிடி. ஆனால் கிணற்றடியில் மாமி வரிசையாக நட்டிருந்த நொச்சியை மட்டும் என்னால் தாங்கவே முடியாது. அதில் கை பட்டால் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவுவேன்.

"உந்த மூக்கை வச்சுக்கொண்டு நீ இந்தக் காட்டுக்குள்ளை குடும்பம் நடத்தப் போறியோ?" என்று மாமி சிரிப்பார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் அந்த இடத்தில் நொச்சி இல்லாமல் சீவியம் இல்லை. பொழுதுபட்டால் நுளம்புக்கு நொச்சிப் புகை. காய்ச்சல் வந்தால் நொச்சி ஆவி. மூக்கடைக்கும் தடிமனுக்கு நொச்சியிலை அடைத்த தலையணை. நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பதைப் பார்த்து இவரும் தாயோடு சேர்ந்து சிரிப்பார். எனக்குக் கோபம் வரும், ஆனால் அது சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறிவிடும் கோபம்.

அந்தத் திட்டத்தில் வீடுகள் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேட்டுக்காணி, நடுவில் பற்றை, பிறகு அடுத்த காணி. ஆகவே எங்களுக்குப் பாதிச் செய்தியைக் காற்றுத்தான் கொண்டுவந்தது. யார் வீட்டில் நெல் அவிக்கிறார்கள், யார் வீட்டில் இறைச்சி, யார் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மூக்குக்கு முதலில் தெரியும். எல்லாவற்றிலும் பெரிய செய்தி இலைத்தண்ணி. பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் நாளில் இருந்து நொச்சி, பாவட்டை, ஆடாதோடை, வேம்பு, தேசி என்று இலைகளைப் போட்டுப் பெரிய கிடாரத்தில் கொதிக்கவைத்து முழுக வார்ப்பார்கள். அந்தக் கலவைக்கு ஒரு மணம் உண்டு. வேறு எதற்கும் அது வராது. அது வந்தால் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு, "ஆரோ பெத்திட்டாள்" என்று எழும்புவார்கள். நல்லெண்ணெய்ப் போத்தலோ நாலு முட்டையோ எடுத்துக்கொண்டு, துடக்கு வீடுதான், திரும்பிவந்து குளித்தால் தீட்டுப் போச்சு என்று புறப்பட்டுவிடுவார்கள்.

என் முதல் பிள்ளை ஆனி மாதத்தில், தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில் பிறந்தது. இரண்டு நாள் வலி. இவர் வண்டில் கட்டிப் போய்த் தூரத்தில் இருந்து மருத்துவிச்சியைக் கூட்டிவந்தார். பிள்ளை பிறந்தது எனக்குத் தெரிந்தது. அழுகைக்காகக் காத்திருந்தேன். மருத்துவிச்சி மாமியைப் பார்த்தார், மாமி ஒரு பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு வெளியே மண்வெட்டி எடுக்கிற சத்தம் கேட்டது. இவர் வெகுநேரம் கழித்துக் காலில் ஈரமண்ணோடு வந்து கதவடியில் நின்றார்.

என்ன பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு முகம் வந்துவிடும் என்று பயந்தேன். அவர்களும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பால் கட்டிவிட்டது. சட்டை நனைந்து, நெஞ்சு கல்லாகி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அப்போது அந்த மணம் வந்தது. முதலில் வேறு யார் வீட்டிலோ என்று நினைத்து வயிறெரிந்தேன். பிறகுதான் புகை எங்கள் முற்றத்தில் இருந்து வருகிறது என்று விளங்கியது.

"மாமி, என்ன செய்யிறியள்?"

"முழுக்குக்குத் தண்ணி வைக்கிறன்."

"ஆருக்கு?"

"வேற ஆருக்கு மேனை? உனக்குத்தான்."

"பிள்ளையே இல்லாத எனக்கு என்னத்துக்கு?"

"பிள்ளை இல்லையெண்டு உன்ர உடம்புக்குத் தெரியுமே?" என்றார் மாமி. "உடம்பு பெத்த உடம்புதானே. எழும்பு."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கிடுகு மறைப்புக்குள் பலகையில் இருத்தினார். செம்பு செம்பாக வார்த்தார். அந்தக் கறுத்த தண்ணீர் முகத்தில் வழிய எனக்குக் குமட்டியது. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது முற்றத்தில் வாய்க்கால் கரை வீட்டு அக்கா நின்றார். எங்களுக்கு நாலு காணி தள்ளி இருப்பவர், என்னில் பாசமும் வாரப்பாடும் உள்ளவர். ஒரு கையில் எண்ணெய்ப் போத்தல், மற்றக் கையில் சுளகில் முட்டை. முகமெல்லாம் சிரிப்பு.

"மணம் எங்கட படலை வரைக்கும் வந்திட்டுது! என்ன பிள்ளை?"

நான் வாயைத் திறந்தேன். இறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. என்ன பிள்ளை என்று கேட்டார். பெற்ற எனக்கு அது தெரியாது. மாமி பின்னால் இருந்து ஏதோ சைகை காட்டியிருக்க வேண்டும். அக்கா என் ஈரத்தலையையும் வெறுங்கையையும் பார்த்துவிட்டுத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். முட்டையை நிலத்தில் வைத்துவிட்டு அழுதுகொண்டே போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் படலையடியில் வந்துகொண்டிருந்தார்கள். காற்று அன்றைக்கு அப்படி அடித்தது.

நான் கிடாரத்தில் மிச்சம் இருந்ததை முழுவதும் மண்ணில் கவிழ்த்தேன். பின்னேரம் இவர் வயலில் இருந்து வந்ததும், "கிணத்தடி நொச்சி முழுக்க வெட்டுங்கோ. இல்லாட்டி நான் ஊருக்குப் போறன்," என்றேன். இவர் தாயைப் பார்த்தார். மாமி உள்ளே போனார். கத்தி விழ விழ அந்த மணம் இன்னும் மோசமாக எழும்பியது. மாமி சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது.

உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு ஒன்றரை வருசம் நான் அந்த மனுசியை வெறுத்தேன். என் வெறும் மடியை ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியவர் என்று நினைத்தேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன், சோறு போடுவேன், அவ்வளவுதான். மாமியும் என் மூக்கைப் பற்றி ஒரு பகிடிகூட விடுவதில்லை.

மறுபடி வயிற்றில் வந்தபோது இரண்டு நிபந்தனை போட்டேன். இலைத்தண்ணி கூடாது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை ஒருவருக்கும் ஒன்றும் சொல்லக் கூடாது, மருத்துவிச்சியும் வாய் திறக்கக் கூடாது. "சரி, உன்ர விருப்பம்," என்றார் மாமி.

தை மாதம், விடியப்புறம், பிள்ளை பிறந்து அழுதது. அந்த அழுகை இப்போதும் எனக்குக் கேட்கும். மூன்றாம் நாள் மாமி வெறும் சுடுதண்ணீர் வார்த்தார். வீடு ஒன்றும் மணக்கவில்லை. நான் சேலையில் கட்டிய ஏணைப் பக்கத்திலேயே இருந்து, நிமிசத்துக்கு ஒருக்கால் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. அது நல்லது என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள், பிள்ளை உள்ளே ஏணையில் நித்திரையாக, நான் திண்ணையில் இருந்தபோது வாய்க்கால் கரை வீட்டு அக்கா வந்தார். கையில் ஒன்றும் இல்லை. தலைமயிரைக் கூட வாரி இழுக்காமல் அள்ளி முடிந்திருந்தார். நேரே வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

"ரெண்டாவதும் இப்பிடிப் போட்டுதே பிள்ளை…"

கையை விடாமல் அவரே தொடர்ந்தார்.

"மருத்துவிச்சியின்ர வண்டில் திரும்பிப் போனதைக் கண்டனாங்கள். மூண்டாம் நாள் மணம் வரேல்லை. நேற்றும் வரேல்லை. அப்பவே எங்களுக்கு விளங்கிப் போச்சு. முந்தி வந்து கேட்டு உன்னை நோகடிச்ச நான், இந்த முறை எந்த முகத்தோட வாறதெண்டு ரெண்டு நாளா யோசிச்சனான்."

உள்ளே உயிரோடு கிடக்கிற பிள்ளைக்கு என் கையைப் பிடித்து ஒப்பாரி வைக்கிறார். இந்தத் திட்டத்தில் இருக்கிற அத்தனை வீட்டிலும் என் பிள்ளை செத்துவிட்டது. யார் செய்த வேலை? நான்தான் செய்தேன், என் வாயால் கட்டளை போட்டுச் செய்தேன்.

அப்போது ஏணைக்குள் பிள்ளை தும்மியது. அக்கா அழுகையை அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். எழும்பிப் போய் எட்டிப் பார்த்தார். "ஐயோ ஆச்சி!" என்று அவர் கத்திய கத்தில் பிள்ளையும் எழும்பிக் கத்தத் தொடங்கியது.

"மாமி," என்றேன், "கிடாரத்தை வையுங்கோ."

மாமி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "உன்ர மூக்கு?"

"மூக்குக் கிடக்கட்டும்."

கிணற்றடி நொச்சி மாரி மழைக்கு அடிக்கட்டையில் தளிர்த்து இடுப்பளவு வந்திருந்தது. தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் கண்டும் காணாததுபோல் விட்டிருந்தேன். மாமி ஒரு கட்டு முறித்துவந்தார். அக்கா வேலியடிக்குப் போய்ப் பாவட்டை பிடுங்கிவந்தார். தண்ணீர் கொதித்து மணம் எழும்ப, வழக்கம்போல் எனக்குக் குமட்டியது. அதில் ஒரு மாற்றமும் இல்லை. இன்றைக்கும் நொச்சி எனக்கு ஆகாது.

பலகையில் குந்தினேன். மாமி முதல் செம்பை வார்த்தார். இரண்டாவது செம்பு தலைக்கு மேல் வரும்போது கேட்டேன்.

"மாமி, முதல் பிறந்தது என்ன பிள்ளை?"

செம்பு அந்தரத்தில் நின்றது.

"ஆம்பிளைப் பிள்ளை," என்றார் மாமி. "தலை நிறைய மயிர். கை விரலெல்லாம் நீட்டு நீட்டா, உன்ர விரல் மாதிரி." பிறகு, "நீ கேப்பாய், கேட்டாச் சொல்லுவம் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார். என் தலையில் தண்ணீர் விழுந்தது. நான் சத்தம் போட்டு அழுதேன். மாமி வார்ப்பதை நிறுத்தவில்லை. அவரும் அழுதுகொண்டுதான் வார்த்தார்.

பொழுது சாயுமுன் வரத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாறு பெண்கள், எண்ணெய்ப் போத்தல்களும் முட்டையும், ஒருத்தி காலைக் கட்டிய கோழியோடு. படலை திறக்கிற சத்தத்துக்கு முன்னாலேயே ஒரு குரல் கேட்டது.

"என்ன பிள்ளை?"

"இது பொம்பிளைப் பிள்ளை," என்றேன். "மூத்தது ஆம்பிளைப் பிள்ளை."