ராக்னாவின் கடைசி ஊர்க்கூட்டம்

ராக்னா ட்வைட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டாம் முறை முறிந்தபோது, பண்ணை வீட்டிலிருந்து டவுனில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அவரை மாற்றினார்கள். அதற்கு முன்பு வீட்டுக்கே போய் அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு வந்தவள் நான். இல்லத்திலும் எனக்கு அதே வேலைதான். அவருடைய வீட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவே ஆஸ்டால் ஊராட்சியின் எல்லை ஓடியது; வீடு உள்ளே, இல்லம் வெளியே. சங்கடம் அதில்தான் வந்தது.

இல்லத்தில் எல்லாரும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலர் வளர்த்த பூனையைக் கேட்பார்கள், சிலர் செத்துப்போன புருஷனை. ராக்னா கேட்டது ஆஸ்டாலின் ஊராட்சி மன்றத்தை. அது வெள்ளைச் சாயம் பூசிய மரக் கட்டடம். ஒரே அறை, நடுவில் இரும்பு அடுப்பு, நாலு பக்கமும் சோளக்காடு. கழிப்பறைகூட வெளியேதான். அதற்காக ஒருத்தர் ஏங்குவார் என்று சொன்னால் டவுன்காரர்கள் சிரிப்பார்கள்.

ஆஸ்டால் நார்வேயிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் அமெரிக்காவுக்கு வந்தவர்கள் போட்ட ஊர். ஆரம்பத்தில் அங்கே கூடிப் பேச இடமே கிடையாது. முதல் கூட்டம் ராக்னாவின் தாத்தாவுடைய தானியக் கொட்டகையில் நடந்ததாம். பிறகு பள்ளிக்கூடம். பெரிய ஆட்கள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, எந்தச் சாலைக்கு முதலில் சரளை கொட்டுவது என்று சண்டை போட்டார்கள். தரையெல்லாம் புகையிலை எச்சில் என்று டீச்சர் கதவைப் பூட்டிவிட்டார். அதன் பிறகு வெண்ணெய் ஆலையின் மாடி. புளித்த மோர் வாடையில் யாரும் நீட்டிப் பேசவில்லையாம். ஊராட்சி ஒழுங்காக நடந்த காலம் அதுதான் என்பார் ராக்னா. கடைசியில், கையில் காசில்லாத பஞ்ச வருஷங்களில், ஆளாளுக்கு மரமும் உழைப்பும் கொடுத்து மன்றத்தைக் கட்டினார்கள்.

இதெல்லாம் நான் முதுகு தேய்க்கும்போது அவர் சொன்னவை.

“நார்வேக்காரங்க வடக்குப் பக்கம் உக்காருவாங்க, ஸ்வீடன்காரங்க தெற்குப் பக்கம். நடுவுல அடுப்பு. ரெண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போன ஒரே ஆளு அதுதான்.”

ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருடாந்தரக் கூட்டம். மின்னசோட்டாவில் அது பனியும் சேறும் கலந்து கிடக்கும் காலம். ஊராட்சியில் குடியிருக்கும் யாரும் வந்து கை தூக்கி வாக்குப் போடலாம். குடியில்லாதவர்கள் சுவரோரப் பெஞ்சில் உட்கார வேண்டும். ராக்னா நெடுங்காலம் ஊராட்சியின் கிளார்க். வரவு செலவு வாசிப்பதும், வெளியாட்களுக்கு அந்தப் பெஞ்சைக் காட்டுவதும் அவர் வேலை.

ஐனார் லீன் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் இருந்தார். ராக்னாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். நிலத்தை விற்றுவிட்டு டவுனில் மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்த மார்ச்சில் பழக்கத்தில் வந்து தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். ராக்னா பெஞ்சைக் காட்டினார். ஐனார் எழுந்துபோய் அங்கே உட்கார்ந்தார். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. நியாயப்படி செய்ததாகவே ராக்னா என்னிடம் சொன்னார். ஆனால் அதைப் பலமுறை சொன்னார்.

ராக்னா இல்லத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. மன்றத்தின் கூரை ஒழுகுகிறது, விற்றுவிட்டு டவுனில் தீயணைப்பு நிலையத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பாதி ஊர் சொன்னது. மறுபாதி கூடாது என்றது. மார்ச் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வதாக இருந்தது. கூட்டத்தை நடத்தும் ஹார்லன் மோ இல்லத்துக்கே வந்து ராக்னாவைக் கூப்பிட்டார். ஹார்லனுக்கு அறுபது வயது இருக்கும். ராக்னாவுக்கு அவர் இன்னும் பையன்தான்.

“நான் இப்ப டவுன்ல இருக்கேனேடா” என்றார் ராக்னா.

“வீடு உங்க பேர்ல நிக்குது. திரும்பி வர்ற எண்ணம் இருந்தா நீங்க ஆஸ்டால்காரங்கதான், சட்டமே அப்படித்தான் சொல்லுது. எண்ணம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். யாரு வந்து நோண்டப் போறா?”

அன்றிலிருந்து ராக்னா வேறு ஆளாகிவிட்டார். அவருடைய வலது தோள் இறுகிப்போய், கை காது உயரத்துக்குமேல் போகாது. தினமும் குளித்த பிறகு சுவரோரம் உட்காரவைத்து, விரல்களால் சுவரில் ஏறச் சொன்னேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை. பண்ணை வீட்டுச் சமையலறைக்கு மஞ்சள் சாயம் அடிக்க வேண்டும் என்றார். கை நன்றாக உயர ஆரம்பித்தது. கால்கள் அப்படியேதான் இருந்தன. இரண்டு பேர் தாங்கினாலும் ஒரு நிமிடம் நிற்காது.

கூட்டத்தன்று ராக்னாவுக்குப் பழுப்புக் கம்பளிப் பாவாடை உடுத்திவிட்டு, அவரைச் சக்கர நாற்காலியோடு இல்லத்து வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். மன்றத்து வாசல் சேற்றில் வண்டிகள் வரிசையாக நின்றன. நான் எஞ்சினை அணைத்ததும், “இரு ஆர்டிஸ், இறக்காதே” என்றார்.

குளிராயிற்றே என்றேன்.

“ஒண்ணு கேக்கறேன். நான் வீட்டுக்குத் திரும்பிப் போவேனா?”

“அத ஹார்லன் கேக்கப் போறதில்ல.”

“நான் உன்னைக் கேக்கறேன். என்னைத் தூக்கி இறக்கறவ நீதானே? டாக்டர் மழுப்புவார். நீ மழுப்ப மாட்டே.”

பொய் சொல்லலாம்தான். அன்று ஒரு நாளைக்கு அது உதவியிருக்கும். மறுநாளும் அவர் உடம்பைத் துடைக்கப் போகிறவள் நான்.

“போக மாட்டீங்க” என்றேன்.

அவர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார்.

“எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, எண்ணம் இருக்குன்னு சொல்லிட்டுக் கையைத் தூக்கியிருப்பேன். இப்ப ரெண்டு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு. சரி, இறக்கு.”

உள்ளே ஹார்லன் முன்வரிசையில், அடுப்புக்குப் பக்கத்தில், நாற்காலி நுழைய இடம் ஒதுக்கி வைத்திருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ராக்னா நாற்காலியைச் சுவரோரப் பெஞ்சுப்பக்கம் தள்ளச் சொன்னார். பெஞ்சில் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் நிறுத்தினேன்.

ஹார்லன் மேசையை விட்டு எழுந்து வந்தார். “என்ன ராக்னா இது? உங்களை யாரும் கேள்வி கேக்கல.”

“கேட்டிருக்கணும். அது உன் வேலை. போய்க் கூட்டத்தை ஆரம்பிடா, கால் விறைக்குது.”

ஹார்லன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

சாலை, களை வெட்டு, பனி அள்ளும் கூலி எல்லாம் முடிந்து, மன்றத்தின் பேச்சு வந்தது. இரண்டு பக்கமும் நன்றாகவே கத்தினார்கள். ராக்னா ஒவ்வொரு குரலுக்கும் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். விற்கக் கூடாது என்பவர்கள் கை தூக்கலாம் என்று ஹார்லன் சொன்னபோது, ராக்னாவின் வலது கை மடியிலிருந்து கிளம்பியது. இடது கையால் அதைப் பிடித்து அழுத்தி வைத்துக்கொண்டார். எண்ணி முடிக்கும்வரை விடவில்லை.

மன்றம் தப்பியது. இவருடைய வாக்கு இல்லாமலேயே தப்பியது. எல்லாரும் வந்து அவருடைய தோளைத் தொட்டார்கள், சூடான சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்தார்கள், நல்லபடியாகப் பேசினார்கள். விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். திரும்பும் வழியில் பண்ணை வீட்டுப்பக்கம் போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அடுத்த வருடம் அதே செவ்வாய்க்கிழமை காலையிலேயே கம்பளிப் பாவாடையைக் கேட்டார். கூட்டத்துக்கு அழைத்துப்போகட்டுமா என்றேன். வேண்டாம், மேற்கு ஜன்னலோரம் உட்காரவைத்தால் போதும் என்றார். ஆஸ்டால் இருப்பது அந்தத் திசையில்தான்; ஆனால் அங்கிருந்து தெரிவது இல்லத்தின் வண்டி நிறுத்தமும் அதற்கப்பால் மளிகைக்கடைச் சுவரும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் காபி கொண்டுபோனேன். வாங்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் ஆஸ்டாலில் காபி ஊற்றுவார்களாம்.

“இப்ப என்ன நடக்கும்?” என்று கேட்டேன்.

“பனி அள்ற கூலி. ஸ்வீடன்காரங்க அதிகம்பாங்க.”

ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது. மற்றவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு, படுக்கைகளைச் சரிசெய்துவிட்டு வந்து, கூட்டம் முடிந்திருக்கும் என்று சொன்னேன்.

“ஹார்லன் இழுத்துத்தான் முடிப்பான்” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறிப்போன காபிக்குக் கை நீட்டினார்.