கயிறு பிரிக்காத பெட்டி

என் தம்பி பீம்ராவைப் பற்றிக் கேட்டால் எர்ணாவூரில் எல்லோரும் "நல்ல வெல்டரு" என்பார்கள். நல்ல வெல்டர்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல வெல்டர் கத்தாருக்குக் கிளம்பி விமான நிலையத்தோடு திரும்பி வந்த கதையைக் கேட்டால் மட்டும் ஆளாளுக்குப் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கூடப் பிறந்தவள், வயிறு எரிகிறது, சொல்கிறேன்.

தம்பியும் டோல்கேட் ரஷீதும் ஜோடி. எண்ணூர்ப் பக்கம் எந்தக் கான்ட்ராக்டர் கூப்பிட்டாலும் ரஷீது குழாயைப் பொருத்துவான், இவன் பற்றவைப்பான். வெளிநாடு போனாலும் ஒன்றாகத்தான் என்று பேச்சு. முதல் ஏஜென்ட் ஓடிப்போனான். அடுத்த தடவை எங்கேயோ சண்டை மூண்டு எல்லாம் நின்றுபோனது. 2003-ல் ஒருவழியாக விசா வந்தது. நாற்பது தாண்டியவனை எடுக்க மாட்டோம் என்று கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். தம்பி நாற்பதைத் தொட இருந்தான். இதை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவன் பெண்டாட்டி மலர்க்கொடி சூட்கேஸை அடுக்கி, நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள். அவனுடைய வெல்டிங் கண்ணாடியும் அதற்குள் போய்விட்டது. சாயங்காலம் ரஷீது வந்தான்.

"மாமு, வூட்டு கேட்டு கீல் வுட்டுப்போச்சு. நாலு டேக் அடிச்சுக் குடுத்துடு. எம் பொண்டாட்டி கைக்கொழந்தைய வச்சிகினு தனியா இருக்கப்போறா. கேட்டு இப்பிடி தொங்கிகினு இருந்தா எனக்கு அங்க தூக்கமே வராது."

தம்பி கண்ணாடியை எடுக்கப் பெட்டிக் கயிற்றில் கை வைத்தான். மலர்க்கொடி பதறிவிட்டாள்.

"ஐயே, கட்டின பொட்டிய பிரிக்காதய்யா! போற காரியம் நின்னுடும்."

எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் இருக்கிறார். ராகுகாலம், எமகண்டம் எதுவும் பார்ப்பதில்லை. யாராவது சகுனம் என்று வாயைத் திறந்தால் உட்காரவைத்து லெக்சர் அடிக்கிறவன் என் தம்பி. அன்றைக்கு மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சரி வுடு, நாலு டேக்குதானே" என்று கிளம்பிவிட்டான். பாவி, அன்றைக்குப் பார்த்தா பெண்டாட்டி பேச்சைக் கேட்க வேண்டும்?

எத்திராஜ் பட்டறையில் வெல்டிங் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். பட்டறைக் கண்ணாடி உடைந்து கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெல்டிங் ராடைத் தட்டிப் பற்றவைப்பது இந்தப் பக்கத்து வெல்டர்களுக்குப் பழக்கம்தான். ராடை வைக்கும்வரை பார்க்க வேண்டும், பொறி கிளம்பும்போது மூட வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் போச்சு. நாலு டேக், நாலே பொட்டு வெல்டிங் என்று போனவன், தோஸ்து வீடாயிற்றே என்று கேட் முழுக்க அடித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

விடிந்தபோது அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மணலை வாரிப் போட்டதுபோல் உறுத்தல், தாரைதாரையாகத் தண்ணீர். உருளைக்கிழங்கை வெட்டி வைத்துப் பார்த்தோம். "நாளைக்கு சரியாப்பூடும் அக்கா" என்றான். விமானம் இன்றைக்கு அல்லவா!

வேன் பிடித்துத் தெருவே மீனம்பாக்கம் போனோம். உள்ளே நடந்ததை ரஷீதுதான் பிறகு சொன்னான். ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவிக்கிடந்த நேரம். கவுன்ட்டரில் இருந்த பெண் தம்பியின் கண்ணைப் பார்த்ததும் பாஸ்போர்ட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாளாம். "வெல்டிங் அடிச்ச கண்ணும்மா, யாருக்கும் ஒட்டாது" என்று இவன் கெஞ்சியிருக்கிறான். டாக்டர் வந்தாராம். எட்டி நின்றே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

இருவரும் வாசல்வரை வந்தார்கள். வாசலிலேயே நின்று ரஷீது அழுதான், "நானும் போவல மாமு" என்று. தம்பி அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "அட போடா. கேட்டு ஸ்ட்ராங்கா கீது, பயப்படாம போ."

அடுத்த இரண்டு நாளில் கண் தெளிந்துவிட்டது. அதற்குள் ஏஜென்ட் அந்த இடத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டான். நாற்பதும் வந்து போனது. வேறு ஏஜென்டுகளிடம் கொஞ்ச காலம் நடந்தான், பிறகு நடப்பதையும் விட்டுவிட்டான். இப்போது எத்திராஜ் பட்டறையில் கிரில் அடிக்கிறான். ரஷீது லீவில் வரும்போதெல்லாம் சென்ட் பாட்டிலோடு வந்து இவனைக் கட்டிக்கொள்கிறான். நல்லவன்தான், ஆனால் அவனைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது, என்ன செய்ய?

ரஷீது மாடி எழுப்பினான். அதற்குக் கிரில் அடித்ததும் தம்பிதான். அன்று மலர்க்கொடியும் நானும் சோறு எடுத்துக்கொண்டு போனோம். வெறுங்கண்ணோடு தட்டிக்கொண்டிருந்தான். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், கண்ணு அவிஞ்சிபூடும்டா! உன் கண்ணாடி எங்கடா?"

"பரண் மேல, அந்தப் பொட்டிலதான் கீது."

"எடுத்துப் போட்டுக்கினா இன்னா?"

ராடை மாற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னான். "கட்டின பொட்டிய பிரிக்கக் கூடாதுக்கா. போற காரியம் நின்னுடும்."

மலர்க்கொடி சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த டேக்கை அடித்தான்.