வீங்காத கை

தேயிலை வெட்டும் இயந்திரம் ரெங்கசாமியின் வலக்கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய் இரண்டு வருஷமாகிவிட்டது. அதிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை வந்தது, வேலை வரவில்லை. அப்போதுதான் தானா ராத்தா டவுனிலிருந்து ரம்லா என்ற உதவித்தொகை அதிகாரி ஒரு புதுத் திட்டத்தோடு வந்தாள். மூன்று மாதம் வேறொரு வேலை செய்து பார்க்கலாம், உதவித்தொகை நிற்காது, முடியவில்லை என்றால் பழையபடி வீட்டில் இருக்கலாம். எஸ்டேட்டுக்கு ஓர் இடம்தான். ரெங்கசாமியின் பெயர் முதலில் இருந்தது.

தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. முன்பு மலைச்சரிவில் கங்காணியாக எந்தப் பெண்களை அதட்டி வேலை வாங்கினானோ, அவர்களுக்கு நடுவிலேயே உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் லேபிள் கோணலாகப் போயிற்று. பக்கத்திலிருந்தவள் ஒன்றும் சொல்லாமல் அதை உரித்து நேராக ஒட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு மட்டும் எல்லாரும் சிரித்தது போலிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ரம்லாவுக்குப் போன் செய்து, "கை வீங்கிப்போச்சும்மா" என்றான். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னான்.

மூன்றாவது வாரம் ரம்லா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது ரெங்கசாமி கூரைமேல் இருந்தான். இடக்கையில் சுத்தியல். வலக்கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்கு நடுவே ஆணி. ஓட்டைத் தகரத்தை மாற்றிக்கொண்டிருந்தான். அவன் இறங்கும்வரை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்கண்ணே. புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுங்க. ரெண்டையும் எழுதிக்குவேன். பொய்ய நான் எங்க எழுதுறது?"

அவன் சுத்தியலைத் தரையில் வைத்தான்.

"நீங்க சொன்னத நம்பி, இந்த வேலை இங்க சரிப்படலைன்னு போன வாரமே ரிப்போர்ட் அனுப்பிட்டேன். இனி ஆளே வேணாம்னுட்டாரு எஸ்டேட் துரை. அடுத்து அன்பரசி பேரு இருந்திச்சு."

அன்பரசி கீழ் லயத்து வரிசை வீட்டுக்காரி. மழையில் சரிவிலிருந்து உருண்டு இடுப்பெலும்பு முறிந்தவள். அன்று சாயங்காலமே ரெங்கசாமி அவள் வாசலில் போய் நின்றான். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனான்.

"கை எப்படிண்ணே இருக்கு? எண்ணெ காய்ச்சி குடுத்துவிட்டேனே, தடவுனீங்களா?"

அந்த எண்ணெய் பாட்டில் அவன் வீட்டு அலமாரியில் திறக்காமல் இருந்தது. "கை வீங்கவே இல்ல, அன்பு" என்றான். மீதியையும் சொல்லிமுடித்தான்.

அவள் கதவுநிலையைப் பிடித்து எழுந்தாள். பிறகு, "நான் தினமும் படி ஏறி எறங்கிப் பழகிக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ரெங்கசாமி ஆபீசுக்குப் போய் துரையிடம் நடந்ததைச் சொன்னான். ரம்லாவுக்கும் போன் செய்தான். "பொம்பளைங்களுக்கு நடுவுல உக்கார வெக்கப்பட்டு ஓடிட்டான்னு எழுதும்மா. என் பேரு போட்டே எழுது."

அவள் எழுதினாள். ஒரு மாதம் கழித்து அன்பரசிக்கு லேபிள் ஒட்டும் அந்த நாற்காலி கிடைத்தது. ரெங்கசாமியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை, அவனும் கேட்கவில்லை. சங்கு ஊதி அந்தப் பெண்கள் வேலை விட்டு வரும் நேரத்தில் அவன் இன்றைக்கும் தொழிற்சாலைப் பாதைப் பக்கம் போவதில்லை.