சாவி சார் சுவரைப் பார்க்கிறார்

சாவி சார் பாத்திரம் கழுவுகிறார். இரவு சாப்பிட்டு முடித்ததும் மகள் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நிற்பார். ஒவ்வொரு டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அதனிடமே குறைபட்டுக்கொள்வார். "என்னடா, இன்னும் பிசுக்கு போகலியா உனக்கு?" மனைவிக்கு வேறு ஊரில் வேலை. பேச்சுத் துணைக்கு டம்ளர்தான்.

அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது அவர் வேலை. எங்கோ இருக்கும் வாடகைக் கணினிகளுக்கு கிளவுட் என்று பெயர். அங்கே போய் வேலை வாங்க வேண்டுமானால், புரோகிராம் முதலில் தான் யாரென்று காட்ட வேண்டும். அதற்கு ஓர் அடையாள எண், கூடவே தலையும் காலும் புரியாத நீளமான ஒரு ரகசியம்; இரண்டும் சேர்ந்ததுதான் சாவி. அந்த ரகசியம் திரையில் ஒரே முறைதான் வரும். மூடிவிட்டால் போச்சு, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

சார் அதை மெயிலில் அனுப்ப மாட்டார். ஆளை அறைக்கு வரவழைத்து, தன் நாற்காலியிலேயே உட்காரவைத்து, பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டுத் தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். "நான் பார்த்துட்டா அது உன் சாவி இல்ல, நம்ம ரெண்டு பேர் சாவி. நாளைக்கு எதாவது ஆச்சுன்னா சேர்ந்து முழிக்கணும்."

அவர் முதுகைக் கண்டால் மனிதர்களுக்கு என்னவோ பேச வருகிறது. "சார், வேலையை விடப்போறேன், மேனேஜருக்கு இன்னும் தெரியாது" என்றார் ஒருவர். பிள்ளை உண்டாகியிருப்பதை மாமியாருக்கும் முன்னால் இவருக்குச் சொன்னவள் ஒருத்தி. சார் சுவரிடம் "சந்தோஷம்மா" என்றார். வேலை முடிந்ததும் "தேங்க்ஸ் சார்" என்று எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் வழியில் எதிர்ப்பட்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

"அப்பா, ஒரு நிமிஷம் வாயேன்!"

மகள் புரோகிராம் எழுதும் வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. சேர்ந்ததிலிருந்து அந்தக் கதவு உள்ளிருந்து திறந்து இவரைக் கூப்பிட்டதில்லை. ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே ஓடினார்.

"சாவியைக் காணோம்னே எரர் வருதுப்பா. சொன்னபடிதான் எல்லாம் பண்ணினேன். மீட்டிங் வேற ஆரம்பிக்கப் போகுது."

பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. சாவியை எழுதிவைத்த ஃபைலை அவள் நோட்பேட் செயலியில் சேமித்திருக்கிறாள். அது பெயருக்குப் பின்னால் 'டாட் டிஎக்ஸ்டி' என்று ஒரு வாலை ஒட்டிவிட்டிருக்கிறது. கணினி வாலை மறைத்துவிட்டது. பக்கத்திலிருந்த குட்டிப் படம் காட்டிக்கொடுத்தது. வாலோடு இருக்கும் ஃபைலைப் புரோகிராம் அடையாளம் கண்டுகொள்ளாது. சொன்னால் ஒரு நொடி வேலை. சொன்னால் இவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அவர் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"முதல்லேர்ந்து சொல்லு."

"ஐயோ, உங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் உயிரை வாங்குவியா?"

"அங்க இதைவிட மோசம்."

அவள் சிரித்துவிட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். தெரிந்த சங்கதிக்கெல்லாம் அவர் "ம், அப்புறம்?" போட்டார். எல்லாம் தீர்ந்துபோனதும், "ரகசியத்தை ஒழுங்கா ஒட்டியிருக்கியா? திறந்து பாரு" என்றார். அதற்கு அவசியமே இல்லை. அவள் ஃபைலைத் திறந்தாள். அவர் பழக்கதோஷத்தில் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பின்னால் விசைத் தட்டல் நின்றது.

"அப்பா."

"ம்."

"அடுத்த மாசம் நான் வேற வீட்டுக்குப் போறேன்ப்பா. ஆபீஸ்ல கூட இருக்கிற ரெண்டு பொண்ணுங்களோட. அம்மாகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடம் ஒன்று இருந்தது. சார் அதை நகத்தால் சுரண்டினார்.

"கோவமாப்பா?"

"ஃபைல் பேருக்குப் பின்னாடி 'டாட் டிஎக்ஸ்டி'ன்னு ஒரு வால் மறைஞ்சிருக்கும். அதை எடுத்துட்டு ஓட்டிப் பாரு."

தட்டல் கேட்டது. "அட! வந்துடுச்சு! அப்பா, நீ கில்லாடி!" குரலில் அத்தனை சந்தோஷம். இவர் திரும்புவதற்குள் மீட்டிங் ஆரம்பித்துவிட்டது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"அந்த வீட்டுல தண்ணி நல்லா வருமாம்மா?" என்றார் சார்.

"சாரி, லேட்டாயிடுச்சு. இப்ப ஓடுது" என்று அவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பேச்சுக்கு இடையே சற்று நிறுத்தினாள். இவர் பக்கம் திரும்புவாளா என்று நின்று பார்த்தார்; அவள் திரையிலேயே இருந்தாள். பிறகு நாற்காலியின் கால் தரையில் உரசாதபடி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கேமராவில் விழாமல் பக்கவாட்டில் நடந்து வெளியே போனார்.