சூரஜ் உட்காராத நாள்

செக்காலை ரோட்டு ஸ்டேஷனரி கடையில் ஆறு வயதுள்ள என் மகன் "ப்... ப்..." என்று திணறிக்கொண்டிருந்தான்.

"பென்சிலா தம்பி?" என்ற கடைக்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லலாம்லம்மா, சும்மா நிக்கிறீகளே."

சொல்லிவிடுவதா, காத்திருப்பதா? தினமும் இதே கேள்விதான், அலுத்துவிட்டது. அந்தத் திணறல் என்னை நான் படித்த ஆறாம் வகுப்புக்கு இழுத்துப்போனது.

ஈரச் சுண்ணாம்பு வாசம், சத்துணவுக் கூடத்துச் சாம்பார் மணம், பின்பெஞ்சில் சூரஜ். நேபாளத்திலிருந்து வந்த காவல்காரரின் மகன். திக்கித் திக்கித்தான் பேசுவான். "டேய் சைனா, கண்ணத் தொறந்து பாருடா" என்பார்கள் பையன்கள். வருகைப்பதிவின்போது அவன் "உ... உ..." என்று நிற்க, வகுப்பே சேர்ந்து "சைனா உள்ளேன் ஐயா!" என்று கத்தும். வெற்றிலையை மென்றபடி சார் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

ஒருநாள் அவன் உட்காரவில்லை.

"உக்காருடா, அதான் சொல்லிட்டாய்ங்கள்ல."

"நா... நான் சொல்லல சார்." கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எ... எம் பேரு சைனா இல்ல. சூ... சூரஜ்."

சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள். அதற்குப் பிறகும் அவன் அவசரப்படவில்லை. "உ... உள்ளேன் ஐயா" என்று முடித்த பிறகுதான் உட்கார்ந்தான்.

கடைக்காரர் பென்சிலை எடுத்து வைத்துவிட்டார். எனக்குப் பின்னால் நின்றவர் செருமினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மகன் பென்சிலைத் தள்ளிவிட்டு, "ப்... ப்... பலூன்" என்றான்.

நானும் பென்சில் என்றுதான் சொல்லியிருப்பேன்.