அம்மா எடுத்த நாலு நாள் லீவு

"போகாதம்மா" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் துணிகளை மடிக்க ஆரம்பித்தேன்.

அம்மா இறந்து இன்றோடு ஒன்பது நாள். பேச்சியம்மாள்... போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுத்தவள்.

சொந்த விஷயம் எதையும் நான் இங்கே எழுதுவதில்லை. படித்த புத்தகத்தைப் பற்றி நாலு வரி போடுவேன், போய்விடுவேன். இன்று எழுத வைத்தது ஜீப் ஸ்டாண்டில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ்.

"ஒரு நாளும் விடுப்பு எடுக்காத உழைப்பாளி" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே எஸ்டேட்டின் பெயர், கண்ணீர் விடும் இரண்டு கண்கள்.

பொய். அம்மா லீவு எடுத்தாள். சாவதற்கு முந்தின வாரம், ஆறு நாள். அதில் இரண்டு நாளைப் பிடுங்கிக்கொண்டது எஸ்டேட்காரர்களே, நீங்கள்தான்.

ஃப்ளெக்ஸில் இருக்கும் படமே அந்த லீவில் எடுத்தது. கோவளம் கடற்கரையில், என் ஃபோனில். கடலை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் ரோஜாப்பூ ஒட்டியிருக்கிறார்கள்.

கடலுக்குப் போகிறேன் என்று கேட்டால் அங்கே யாரும் லீவு தருவதில்லை. சாவு என்றால் தருவார்கள். அதனால் கம்பத்தில் சொந்தத்தில் ஒரு சாவு, காரியம் முடித்துத்தான் வருவேன் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தாள். ஜீப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. வராத நாளில் அந்த இடத்தில் அவர்களுடைய தூக்குவாளி உட்கார்ந்து போகும். வாளியும் இல்லையென்றால் வேறு ஆள் ஏறிவிடுவார். இடம் போனால் வேலையும் போன மாதிரிதான். அம்மாவின் வாளியைப் பக்கத்து இடத்துச் செல்வி அத்தை தினமும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மூன்று வருடமாகக் கூப்பிட்டதில், ஒருவழியாக வந்தாள். செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் கால் மட்டும் நனைத்தாள். இரண்டாம் நாள் இடுப்பு வரை. சேலை நனைந்ததற்கு என்னைத் திட்டினாள், அலை வந்ததும் என்னையே பிடித்துக்கொண்டாள்.

மணலில் படுத்து வெயில் காய்ந்த வெள்ளைக்காரர்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெயில்ல காயப்போட்டா கலர் போயிரும்னு யாராச்சும் சொல்லப்படாதா இவுகளுக்கு" என்றாள். ஏலக்காய்க்குச் சொல்வது அது. வெயில் பட்டால் பச்சை போய்விடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் கவனித்தேன். அம்மா இருமவே இல்லை.

பூச்சிமருந்து அடித்த மறுநாளே ஏலக்காட்டுக்குள் இறக்கிவிடுவார்கள். அதில் வந்த இருமல், பல வருஷமாக இருக்கிறது. சென்னையில் இருக்கும்போதுகூட, ஃபோனில் அவள் பேசுவதற்கு முன்னால் எனக்குக் கேட்பது அந்த இருமல்தான்.

நான் சொன்னதும் அவளும் யோசித்தாள். வாயைத் திறந்து நன்றாக இழுத்துப் பார்த்தாள். "இந்தக் காத்துல ஒன்னும் கலக்கல ஆத்தா" என்றாள்.

அப்போது எடுத்த படம் அது. சந்தோஷத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். என் நம்பர் ஊரில் யார் யாரிடம் இருக்கிறது என்று யோசிக்கவில்லை... அது என் தப்பு. அதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கங்காணி கூப்பிட்டார். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏன் பேச்சியக்கா, துட்டி வீட்டுல கடலெல்லாம் இருக்குதாக்கும்? உன் வாளிய இன்னும் எத்தன நாளு சொமக்கிறது? நாளைக்கு நீ ஏறல, அந்த எடத்துல வேற ஆளு."

அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். அவரிடம் அம்மா, "வந்துர்றேன் தம்பி" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை ரூம் இருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "படம் நல்லாத்தான் இருக்கு, விடு" என்று அம்மாதான் என்னைச் சமாதானப்படுத்தினாள். பிறகு, "நீ சொல்லு, போகவா வேணாமா?" என்று கேட்டாள்.

கேட்டாள். அதற்குத்தான் "உன் இஷ்டம்" என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப் ஏறினாள். அடுத்த வியாழக்கிழமை, முந்தின நாள் மருந்து அடித்த காட்டில் எடுப்பு. ஒரு மணிக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

ஜீப் நாலு மணிக்குத்தான் இறங்கும், அதுவரைக்கும் உட்கார் என்று கங்காணி சொல்லியிருக்கிறார். ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். செல்வி அத்தை சண்டை போட்டிருக்கிறார். "மதினிக்கு ஒதடு நீலம் பாஞ்சிருச்சு, வண்டிய வெரசா எடுங்கப்பான்னு கத்துனேன். எல்லாரும் ஏறட்டும்னுட்டாக" என்று அழுதுகொண்டே சொன்னார்.

இரண்டு நாள் கூடுதலாக அம்மாவுக்குக் காத்திருக்க முடியாத ஜீப் அது. அதற்காக அம்மா மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றுங்கள். இல்லை, அந்த வரியையாவது அழியுங்கள். அம்மாவுக்கு லீவு பிடித்திருந்தது.

வெட்டாத படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பின்னால் இருப்பது கடல்.

போய்ட்டு வாம்மா. இந்தத் தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில், ஜீப்பில் தன் இடத்திலேயே, செல்வி அத்தை தோளில் சாய்ந்தபடி அம்மா இறந்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீப் எங்கள் தெருமுனைக்கு வந்தது. அந்த இடத்தில் வேறொரு அக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் வாளியோடு.