கிள்ளிய கொழுந்தும் வழிகாட்டி அட்டையும்

இயற்கை வழிகாட்டிகளுக்கான செய்முறைப் பரீட்சையில் நான் தோற்றது ஒரு கைப்பிடிக் கொழுந்தால். அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

பதுளையில் ஆறு மாதம் நடந்த அந்த வகுப்புக்கு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வந்தேன். அதற்கு முன்பு பதினான்கு வருடம் கொழுந்து எடுத்தவள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் கூடை சுமக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வழிகாட்டி அட்டை கிடைத்தால், மலை பார்க்க வருபவர்களை அழைத்துக்கொண்டு நடந்து பிழைக்கலாம். கிடைக்காவிட்டால் தேய்ந்த கழுத்தோடு மறுபடியும் பெரட்டுக்களம்தான். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. நான் வேலைப் பட்டியலில் பேரை வெட்டிக்கொண்டு கிளம்பிய அன்று எங்கள் கங்காணி எல்லார் முன்னாலும் சொன்னார்: "போ, போ. எத்தன நாளைக்கு? திரும்ப இந்தப் பெரட்டுக்குத்தானே வரணும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களுக்குக் கற்பித்தவரே பரீட்சகரும். பதுளைக் கடைவீதியில் தலைமுறை தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பறவைகளின் பெயரெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருப்பார். கெட்டிக்காரர், அதை மறுக்கமாட்டேன். ஆனால் எங்களில் யார் எந்தப் பிழை விட்டாலும் "தோட்டத்துப் பழக்கம்" என்பார். முதல் நாளே அவர் ஒன்று சொன்னார்: "தகவல ஒப்பிக்காதீங்க. வர்றவங்களுக்கும் இந்த எடத்துக்கும் ஒரு உறவ உண்டாக்குங்க." அதைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

பரீட்சைப் பாதை தேயிலை மலையின் ஓரமாகப் போய் மேலே காட்டுக்குள் நுழையும். வகுப்புக்காரர்கள் பயணிகளாக நடித்துக்கொண்டு வந்தார்கள். பரீட்சகர் ஃபைலோடு என் முதுகுக்குப் பின்னால் வந்தார். ஒரு மரத்தில் குக்குறுவான் பறவை கத்தியது. நான் நின்று அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். வாய் குக்குறுவானைச் சொல்லிக்கொண்டிருக்க, இரண்டு கையும் பக்கத்துத் தேயிலையில் தம் வேலையைப் பார்த்தன. கை நிறைந்ததும், வழக்கம்போலத் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டேன். பின்னால் கூடை இல்லை. பரீட்சகரின் மூக்குக்கண்ணாடி இருந்தது.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"செடியில கை வைக்கக் கூடாதுங்கிறது முதல் பாடம். அதுவே வரலியேம்மா."

"கை தானா போயிருச்சுங்க, சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். தோட்டத்துப் பழக்கம்."

அடுத்த வாரம் இன்னொரு தடவை வரலாம் என்றார். ஆனால், தோட்டத்துப் பழக்கங்களை விட்டுவிடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் கடிதத்தோடு உட்கார்ந்தேன். கண்ணாடியில் கொழுந்து விழுந்ததற்கு ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்பேன். ஆனால் பதினான்கு வருடம் எங்கள் அடுப்பை எரியவைத்த கையை நானே எதற்காகப் பழிக்க வேண்டும்? பேனாவை மூடிவிட்டேன்.

"கடுதாசிதானே? எழுதிக் குடுத்துட்டு அட்டைய வாங்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"கடுதாசிதாங்க. கை என்னோடது."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்கக் கழுத்து வலித்தது. பயம்தான்.

அடுத்த வாரம் வெறுங்கையோடு போனேன். "கடிதம் எங்க?" என்றார். "நடந்து முடிச்சிட்டுக் கேளுங்க, சார்" என்றேன். பாதையோரமாக அல்ல, நேரே தேயிலை நிரைக்குள்ளேயே எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"இது காடு இல்லீங்க. காடா இருந்துச்சு. அத வெட்டி இத நட்டது எங்க ஆளுங்க. கிள்ளாம விட்டா இது மரமாப் போயிரும். எங்க கை படுறதாலதான் இது இடுப்பு ஒசரத்துல நிக்குது. மேல காட்டுக்குள்ள ஒரு எலையத் தொட ஒங்கள விடமாட்டேன். இங்க கிள்ளுங்க."

எல்லோரும் கிள்ளினார்கள். பரீட்சகர் பேனாவை எடுத்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "நீங்களும்தான் சார். உறவு உண்டாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

அவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்றைக் கிள்ளினார்.

"இது முத்தல், சார். கங்காணி பாத்தா வீசிருவாரு."

இன்னொன்றைக் கிள்ளினார். அது கொழுந்துதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "கூடை எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

நான் அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். "இங்கதான், சார்."

கடிதத்தை அவர் பிறகு கேட்கவில்லை. நானாகவும் ஞாபகப்படுத்தவில்லை.

அட்டை வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் பயணிகள் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களைக் காலையில், பேர் கூப்பிடுகிற நேரம் பார்த்து, நேரே பெரட்டுக்களத்துக்குத்தான் அழைத்துப் போனேன். கங்காணி பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"நான் சொன்னேன்ல, நீ திரும்ப இங்கதான் வருவேன்னு!"

"ஆமாங்க, வந்துட்டேன்" என்றேன். பிறகு அட்டையை நெஞ்சுக்கு நேராக இழுத்துவிட்டுக்கொண்டு பயணிகள் பக்கம் திரும்பினேன்.

"இதுதான் பெரட்டுக்களம். இவருதான் கங்காணி. இவரப் பத்தி நான் விளக்கமா சொல்லணும், கொஞ்சம் கிட்ட வாங்க."

கங்காணி அவசர அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார்.